லென்ஸுக்கு ஒரு கேம்பஸ் இன்டர்வியூ!

பாஸ்போர்ட் வந்தாச்சு. செமஸ்டர் லீவுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. நாலு பேர் கேங்கில் மூணு பேருக்கு வீட்டில் பர்மிஷன் கிடைச்சாச்சு. நாலாவது ஆளோட அம்மா மட்டும் இன்னும் ‘பார்க்கலாம்’ என்கிற ஒரே வார்த்தையிலேயே நிற்கிறார். போகிற நாடு கம்போடியா. பார்க்கப் போவது அங்கோர். சென்னையிலிருந்து கிளம்பி, பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எல்லாம் ஓ.கே.! ஆனால், கட்டில் மேல் ஒரு குவியல் கிடக்கிறதே... அதை என்ன செய்யப் போறீங்க?

சித்தப்பா பையனிடம் கெஞ்சி வாங்கிய கேமரா. அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். ஃப்ரெண்ட் கொடுத்த 55-250 ஜூம். ‘இது இல்லாம போகாதடா’ என்று சீனியர் அண்ணன் தலையில் கட்டிய, ஒன்றரை கிலோ எடையுள்ள 70-200. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர் தந்த ஃப்ளாஷ். ஒரு ட்ரைபாட். போதாக்குறைக்கு ஒரு ட்ரோன்! எல்லாவற்றையும் பையில் திணித்துத் தோளில் மாட்டினால், முதுகு ‘டேய்... வேணாம்டா’ என்கிறது. பட்ஜெட் ஏர்லைன்ஸ் பலவற்றில் கையோடு கொண்டுபோகிற சாமானுக்கு 7 கிலோதான் அனுமதி. உங்க சட்டை, பேன்ட், டூத் பிரஷ் எல்லாம் அந்த 7 கிலோவுக்குள்தான்!

இவ்வளவு சாமான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வசனம்: ‘எதுக்கும் இருக்கட்டுமே!’ பயணத்தில் இதுதான் பெரிய வில்லன். பயத்தில் எடுத்துப் போகிற சாமான், அங்கே போனதும் வேலை செய்யாது. சும்மா தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்க்கும்.

அதனால், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கேம்பஸ் இன்டர்வியூ வையுங்க. ஒரே கேள்விதான்: ‘நீ எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்வே?’ பதில் சொன்னால் செலக்டட். ‘எதுக்கும் இருக்கட்டும்னு...’ என்று இழுத்தால், ‘தேங்க்யூ, நாங்களே கூப்பிடறோம்’ சொல்லி அனுப்பிடுங்க!

முதல்ல கம்பெனியைத் தெரிஞ்சுக்குங்க

இன்டர்வியூ எடுக்கிறவருக்கு வேலை என்னவென்று தெரிந்திருக்கணும் இல்லையா?

அங்கோர் என்பது ஒரே ஒரு கோயில் இல்லை. 9-ம் நூற்றாண்டிலிருந்து 15-ம் நூற்றாண்டு வரை கெமெர் பேரரசின் தலைநகரங்கள் இருந்த இடம். காடும் குளமும் கோயிலுமாக சுமார் 400 சதுர கி.மீ. பரப்பு. 1992-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் சியெம் ரீப் நகரில்தான் நீங்க தங்கப்போறீங்க.

சூரியவர்மன், ஜெயவர்மன், யசோவர்மன் என்று ராஜாக்களின் பெயரைக் கேட்டால் நம்ம ஊர் சரித்திர நாவலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கெமெர் எழுத்துகூட பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்ததுதான். கதவு நிலைகளில் வெட்டியிருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்தால், படிக்க முடியாது... ஆனால், எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கும்!

2017 பிப்ரவரியில் அங்கோர் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதன்படி ஒரு நாளுக்கு 37 டாலர். மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டியதில்லை; 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் போகலாம். கேமரா தூக்குகிறவர்களுக்கு இதுதான் லாபம். ஏனென்றால், அங்கே ஒரே கோயில் காலையில் ஒரு முகம் காட்டும். சாயங்காலம் வேறு முகம் காட்டும்.

இன்னொரு விஷயம், சீஸன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். செமஸ்டர் லீவில் டிசம்பரில் போகிறவர்கள் லக்கி. வெயில் கொஞ்சம் இதமாக இருக்கும். ஏப்ரலில் அனல் பறக்கும். மே லீவுதான் கிடைத்தது என்றால், அங்கே மழைக்காலம் ஆரம்பிக்கும் நேரம். அப்போது பைக்கு மழை உறை கட்டாயம்.

சரி, இன்டர்வியூவை ஆரம்பிக்கலாமா?

ரவுண்டு 1: அதிகாலை அங்கோர் வாட்

12-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டிய கோயில். கம்போடியாவின் தேசியக் கொடியிலேயே இந்தக் கோயில்தான் இருக்கிறது. காலை 5 மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். டிசம்பரில் சூரியன் 6 மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். ஆனால், அதற்கு அரை மணி முன்பே வானம் ஊதா, ஆரஞ்சு என்று கலர் காட்ட ஆரம்பித்துவிடும்.

இங்கே ஒரு சங்கதி. நம்ம ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். நீங்க மேற்கு வாசல் வழியாக உள்ளே போய் நிற்கும்போது, சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பும். அதாவது, விடியலில் உங்களுக்குக் கிடைப்பது கோபுரத்தின் கறுப்பு நிழலுருவம்தான். சிற்பம் தெரியாது, கல்லின் நிறம் தெரியாது. வானத்துக்கு வெளிச்சம் சரியாக வைத்து எடுங்க. செல்போனாக இருந்தால் திரையில் வானத்தைத் தொடுங்க. அவ்வளவுதான்! கல்லின் பொன்னிறம் வேண்டுமென்றால், பிற்பகலில் அதே இடத்துக்கு இன்னொரு முறை வரணும்.

அப்புறம், உள்ளே நுழைந்து நீளமான கல் பாதையில் நடு நாயகமாக நின்று பார்த்தால் மூன்று கோபுரங்கள்தான் தெரியும். மொத்தம் ஐந்து கோபுரமாச்சே, மீதி இரண்டு எங்கே? முன்னால் இருப்பவை பின்னால் இருப்பவற்றை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. பாதையை விட்டு இறங்கி, இடதுபக்கக் குளத்துக்கரைக்குப் போங்க. ஐந்தும் தெரியும், தண்ணீரில் இன்னொரு ஐந்தும் தெரியும்! இதற்கு எந்த லென்ஸும் வாங்க வேண்டியதில்லை. காலை நகர்த்தினால் போதும்.

குளக்கரையில் 18-55 கிட் லென்ஸே வேலையை முடித்துவிடும். எடை சுமார் 200 கிராம். 18-ல் வைத்தால் கோபுரமும் அதன் தலைகீழ் உருவமும் ஒரே ஃப்ரேமில் அடங்கும். ‘கேமராவோட சும்மா கொடுத்த லென்ஸுதானே’ என்று இளக்காரமாகப் பார்க்காதீங்க. செலக்டட்!

ட்ரைபாட்? குளக்கரையில் விடியற்காலை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் முதல் நாள் ஷோ க்யூ தோற்கும். அங்கே மூன்று காலை விரிக்க இடம் தேடினால் பக்கத்து ஆளின் காலைத்தான் மிதிப்பீங்க. நடுக்கம் தாங்கும் வசதி இப்போது கிட் லென்ஸிலேயே வருகிறது. ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை ஏற்றி, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்து அழுத்துங்க. அல்லது கேமராவைப் பையின் மேல் வைத்து, 2 விநாடி டைமர் போடுங்க. ட்ரைபாட்... ரிஜெக்டட்!

ரவுண்டு 2: கூட்டம் டிபன் சாப்பிடும் நேரம்

சூரியன் வந்ததும் கூட்டம் கலைந்து காலை டிபனுக்குப் போகும். நீங்க போகாதீங்க. கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம், கிழக்குத் தாழ்வாரத்துக்கு நடங்க. பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளத்துக்குச் சுவரில் புடைப்புச் சிற்பமாக விரிகிறது. ஒருபக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு, கயிறாக வாசுகி. பாட்டி சொன்ன கதையை ஒரு சுவர் முழுக்கக் கல்லில் பார்க்கலாம்!

கிழக்குப் பார்த்த தாழ்வாரம் என்பதால், காலை வெயில் தூண்களுக்கு நடுவே சாய்வாக உள்ளே வரும். புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது இந்தச் சாய்வு வெளிச்சம்தான். மூக்குக்கும் முழங்காலுக்கும் ஒரு நிழல் விழும்போதுதான் கல் ‘எழுந்து’ வரும். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால் நிழல் செத்துப்போய், சிற்பம் சப்பையாகிவிடும். அரை கிலோ எடையில் ஒரு ஃப்ளாஷைத் தூக்கிப் போய், சிற்பத்தைச் சப்பையாக்கிக்கொண்டு வரணுமா? ரிஜெக்டட்!

49 மீட்டரை ஒரே படத்தில் அடக்க எந்த லென்ஸாலும் முடியாது. முயற்சியே வேண்டாம். ஓர் அசுரனின் முறுக்கிய தோள், வரிசையாகக் கயிறு பிடித்த கைகள், கீழே சிதறும் மீன்கள் என்று துண்டு துண்டாக எடுங்க. 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் இங்கே ஜாலி. வெளிச்சம் குறைந்த உள்தாழ்வாரங்களிலும் ராத்திரி மார்க்கெட்டிலும் அதுதான் கை கொடுக்கும். இந்த ரகத்தில் சில லென்ஸ்கள் 160 கிராம்தான். செலக்டட்!

ஒரு வேண்டுகோள். சிற்பத்தைத் தொடாதீங்க. பல இடங்களில் கல் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கிறதே, அது சிற்பியின் வேலை இல்லை. வந்து போனவர்களின் கைபட்டுத் தேய்ந்தது.

ரவுண்டு 3: முகங்களின் கோயில்

அங்கோர் தோம். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோட்டை நகரம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 கி.மீ. மதில். அதன் நட்டநடுவில் பயோன் கோயில். கோபுரத்துக்குக் கோபுரம் பிரமாண்டமான கல் முகங்கள். மொத்தம் 200-க்கும் மேல்! கண்ணை மூடியும் மூடாமலும், லேசாகச் சிரிக்கிற மாதிரியும் இருக்கும். இது போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரா, இல்லை மன்னரே தன் முகத்தை வடித்துவைத்தாரா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முகங்கள் உயரத்தில் இருக்கின்றன. கீழேயிருந்து 18-ல் எடுத்தால் மோவாயும் மூக்குத் துவாரமும்தான் பெரிதாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 55-250 ஜூமைப் போட்டால், தூரத்தூர முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். முன்னால் ஒரு கன்னம், அதன் பின்னால் இன்னொரு சிரிப்பு... செம!

முகம் பார்த்த மயக்கத்தில் கீழே சுற்றுச்சுவரை விட்டுடாதீங்க. அங்கே ராஜா கதை மட்டும் இல்லை. சந்தையில் பேரம் பேசும் பெண்கள், சேவல் சண்டை, சமையல், படகுப்போர் என்று 800 வருடத்துக்கு முந்தைய தெருவே இருக்கிறது. இதற்கு மறுபடியும் அதே கிட் லென்ஸ்.

ரவுண்டு 4: மரம் தின்ற கோயில்

தா ப்ரோம். 1186-ல் ஏழாம் ஜெயவர்மன் தன் அம்மாவின் நினைவாக அமைத்தது. 2001-ல் வந்த ‘டூம் ரெய்டர்’ படத்தில் பார்த்திருப்பீங்க. கூரையில் முளைத்த மரங்கள், மலைப்பாம்பு மாதிரி வேர்களை இறக்கிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மரத்தை வெட்டினால் சுவர் விழும். விட்டால் மரமே சுவரைப் பிளக்கும். இந்தத் தலைவலியில் பங்கெடுத்திருப்பவர்களில் நம்ம இந்தியத் தொல்லியல் துறையும் உண்டு. கம்போடியாவின் அப்சரா அமைப்போடு சேர்ந்து இந்தக் கோயிலின் சீரமைப்பில் வேலை செய்கிறார்கள்.

இங்கே பிரச்னை வெளிச்சம். மேலே இலைகளுக்கு நடுவே வானம் வெள்ளையாக எரியும். கீழே கல் இருட்டாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் சரிக்கட்டுவது கஷ்டம். வழி என்ன? வானத்தை ஃப்ரேமில் விடாதீங்க. வேரும் சுவரும் மட்டும் எடுங்க. ‘ரா’ ஃபைலில் எடுத்தால் ஊருக்கு வந்து இருட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். மேகமூட்டமான நாள் என்றால் ‘அய்யோ, வெயில் இல்லையே’ என்று வருத்தப்படாதீங்க, நேராக தா ப்ரோம் போங்க!

‘மரம் பெருசாச்சே, 10-18 வைட் லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா?’ என்று கேட்பீங்க. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, பக்கத்துப் பக்கத்தில் மூன்று படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். காசு மிச்சம். அதனால் அவருக்கு... வெயிட்டிங் லிஸ்ட்!

ரவுண்டு 5: கை நீட்டினால் எட்டாத கல்

சியெம் ரீப்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பந்தேய் ஸ்ரெய். கி.பி. 967-ல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். அங்கோர் வாட்டின் பிரமாண்டம் எதுவும் கிடையாது. வாசல்கள் குனிந்து போகிற அளவுக்குச் சின்னவை. ஆனால், ரோஸ் நிறக் கல்லில் மரச்செதுக்கல் மாதிரி நுணுக்கம். ராவணன் கைலாயத்தை அசைக்கிற காட்சி, சிவனைக் குறிவைக்கும் மன்மதன் என்று எல்லாம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல், முக்கோண முகப்புகளில் இருக்கின்றன.

1923-ல் ஆந்த்ரே மால்ரோ என்ற 22 வயது பிரெஞ்சு இளைஞர் இந்தக் கோயிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகப் பார்த்து மாட்டிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் பிரபல எழுத்தாளரானார். பிரான்ஸின் கலாசார அமைச்சராகவும் ஆனார் என்பதுதான் வேடிக்கை!

இப்போது நடுக்கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் போக முடியாது. செல்போனில் ஜூம் பண்ணினால் சிற்பம் மாவு பிசைந்த மாதிரி வரும். 55-250 லென்ஸுக்கு ‘எந்த இடத்துல வேலை?’ என்று கேட்டோமே, அதற்கு உறுதியான பதில் இதுதான். இந்தக் கோயில் கிழக்குப் பார்த்தது. காலையிலேயே போய்விட்டால் வெயில் முகப்பில் விழும்.

‘அப்போ சீனியர் அண்ணனோட 70-200?’ நல்ல லென்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால், நல்ல வெயிலில் அது செய்கிற வேலையை, அதைவிடத் தூரத்துக்கே, 400 கிராமுக்குக் குறைவான 55-250 செய்துவிடுகிறது. ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்! அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துடுங்க.

ட்ரோன்? அங்கோர் பகுதியில் முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. ‘யார் பார்க்கப்போறா?’ என்கிற நம்ம ஊர் ஃபார்முலா வெளிநாட்டில் வேண்டாமே. இன்டர்வியூவுக்கே கூப்பிடாதீங்க!

பையோட மூலையில்...

பெரிய மனுஷங்களை முடிச்சாச்சு. இனி சின்னச் சின்ன ஆட்கள். உண்மையில் உங்க பயணத்தைக் காப்பாற்றப் போவது இவங்கதான்.

தூசி: வறண்ட காலத்தில் அங்கே செம்மண் புழுதி. டுக்-டுக்கில் போகும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும். ஓடுகிற வண்டியில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஊதித் தள்ளுகிற ரப்பர் ப்ளோயர் ஒன்று, மெல்லிய துணி இரண்டு.

வியர்க்கும் கேமரா: ஏ.சி. ரூமிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்தால் லென்ஸ் மேல் பனி படர்ந்துவிடும். விடியலுக்குக் குளக்கரையில் நிற்கும்போது இப்படி ஆனால் எப்படி இருக்கும்? கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே வந்ததும் 20, 30 நிமிடம் அப்படியே விடுங்க. புது ஷூ டப்பாவில் ‘சாப்பிடாதே’ என்று எழுதி வருமே சிலிகா ஜெல் பாக்கெட், அதில் நாலு சேர்த்துப் போடுங்க.

மழை: ஹோட்டலில் தலைக்குப் போடக் கொடுக்கிற பிளாஸ்டிக் தொப்பி, கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த ரெயின்கோட்!

கார்டு: 128 ஜி.பி. ஒன்றைவிட 64 ஜி.பி. இரண்டு நல்லது. ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணம் மிஞ்சும். ராத்திரி ரூமுக்கு வந்ததும் அன்றைய படங்களில் நல்லதை செல்போனுக்கு மாற்றி, வைஃபையில் மேலே ஏற்றிவிடுங்க.

பேட்டரி: உபரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போகணும், செக்-இன் லக்கேஜில் கூடாது. 100 வாட்-ஹவர் வரை சிக்கல் இல்லை. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-ஹவர்தான். கேமரா பேட்டரியின் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி கவரில் போடுங்க. கம்போடியாவிலும் 230 வோல்ட்தான். நம்ம ஊர் ரெண்டு முள் சார்ஜர் பல இடங்களில் நுழைந்துவிடும். மூணு முள்ளுக்கு அடாப்டர் வேண்டும்.

பில்: கேமராவும் லென்ஸும் விலை கூடினவை என்றால், போகும்போதே விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரிகளிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது ‘இது அங்கே வாங்கினதா?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். கடன் வாங்கிய கேமராவுக்கு பில் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்குங்க.

எடை போட்டுப் பார்ப்போமா? சின்ன கேமரா 450 கிராம். மூன்று லென்ஸும் சேர்ந்து 750 கிராமுக்குள். பேட்டரி, சார்ஜர், சில்லறைச் சாமான் 400 கிராம். மொத்தமே 1,600 கிராம்தான்! துணிமணிக்கு ஏகப்பட்ட இடம். மறக்காமல் முழங்காலும் தோளும் மறைகிற உடை எடுத்து வையுங்க. இல்லாவிட்டால் அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு ஏற விடமாட்டார்கள். அந்தப் படிக்கட்டு ரொம்பவே செங்குத்து. இரண்டு கையும் காலியாக இருக்கணும். அப்போதுதான் தெரியும், குறைவாகத் தூக்கி வந்த சுகம்!

‘கேமராவே இல்லையே, செல்போன்தான் இருக்கு’ என்கிறீங்களா? விடியல், பாற்கடல், வேர் என்று பாதிக்கு மேல் செல்போனே எடுத்துவிடும். பந்தேய் ஸ்ரெய்யில் மட்டும் கண்ணால் பார்த்துக்குங்க. இந்தப் பயணத்துக்காக ஈ.எம்.ஐ. போட்டு கேமரா வாங்காதீங்க பாஸ். அந்தக் காசுக்கு இன்னொரு நாடே பார்க்கலாம்!

ஜூமைக் கழற்றும் இடம்

டோன்லே சாப் ஏரிக்கும் ஒரு நாள் போவீங்க. மழைக்காலத்தில் மேகாங் ஆற்று வெள்ளம் பின்னோக்கிப் பாய்ந்து வந்து, இந்த ஏரி நாலைந்து மடங்கு பெரிதாகிவிடும். அதனால்தான் கரையோர ஊர்களில் வீடுகள் உயரமான கம்பங்களின் மேல் நிற்கின்றன. சில ஊர்கள் தண்ணீரிலேயே மிதக்கின்றன.

படகில் உட்கார்ந்து 250 எம்.எம்.மில் ஜூம் பண்ணினால் ஒரு வீட்டின் அடுப்படியே தெரியும். குளிக்கிற குழந்தை தெரியும். தூங்குகிற தாத்தா தெரிவார். அவங்களுக்கு நீங்க தெரியமாட்டீங்க. உங்க தெருவில் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்று, உங்க வீட்டு ஜன்னலை இப்படி எடுத்தால் சும்மா இருப்பீங்களா? இங்கே ஜூமைக் கழற்றிவிட்டு 50-ஐ மாட்டுங்க. 50-ல் ஒருவரின் முகம் வேண்டுமென்றால் பக்கத்தில் போயே ஆகணும். பக்கத்தில் போனால் கண்ணைப் பார்க்கணும். கண்ணைப் பார்த்தால் கேட்டுத்தான் எடுக்க முடியும்.

மொழி தெரியாதே என்று பயப்படாதீங்க. நம்ம வணக்கம் மாதிரியே இரண்டு கையும் குவித்துத்தான் அவர்களும் கும்பிடுகிறார்கள். கேமராவைக் காட்டி, புருவத்தை உயர்த்தினால் புரியும். தலை ஆடினால் எடுங்க; கை மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்க. எடுத்ததைத் திரையில் காட்டி ‘ஆர்குன்’ சொல்லுங்க. ‘நன்றி’ என்று அர்த்தம். யாராவது ‘அநாதைக் குழந்தைகளைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம்’ என்று அழைத்தால் போகாதீங்க. குழந்தைகள் காட்சிப்பொருள் இல்லை.

எந்த லென்ஸும் வேண்டாத இடம்

திரும்பும் வழியில் தலைநகர் புனோம் பென்னில் ஒரு நாள் ஒதுக்குங்க. அங்கே துவோல் ஸ்லெங் என்ற இடம். பார்த்ததுமே உங்களுக்கு அடையாளம் தெரியும். நீளமான வராண்டா, வரிசையாக வகுப்பறைகள், நடுவில் மைதானம். ஆமாம், அது ஒரு ஸ்கூல். 1975-லிருந்து 1979 வரை கெமெர் ரூஜ் ஆட்சியில் அதைச் சிறையாக மாற்றி ‘எஸ்-21’ என்று பெயர் வைத்தார்கள். 14,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கொண்டுவந்த ஒவ்வொருவரையும் முதலில் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள்தான் இன்று அந்த அறைகள் முழுக்க வரிசை வரிசையாக இருக்கின்றன. கழுத்தில் எண். நேராக லென்ஸைப் பார்க்கும் கண்கள். அதில் மாணவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு அம்மாக்கள் உண்டு. எடுத்தவர்களில் ஒருவரான நெம் என்னும் அப்போது பதின்ம வயதுப் பையன்தான். சீனாவுக்கு அனுப்பி அவருக்குப் புகைப்படத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 2009-ல் இந்த ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2025-ல் அந்த இடமே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாரிடமும் ‘எடுக்கலாமா?’ என்று யாரும் கேட்கவில்லை. அவர்களால் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் முடியவில்லை. கெமெர் ரூஜ் ஆட்சி முடிந்த பிறகு, காணாமல்போன தங்கள் மனிதர்களின் முகத்தைத் தேடிக் குடும்பங்கள் இந்தச் சுவர்களின் முன்னால் வந்து நின்றிருக்கின்றன.

அங்கே போகும்போது கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்க. செல்போனும் பாக்கெட்டில் இருக்கட்டும். செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்க. ஒன்றிரண்டு முகங்கள் உங்களோடு ஊருக்கு வரும். அதற்கு எந்த ஏர்லைன்ஸும் எடை போடாது.